ஒரே ஆறு, ஒரே சட்டம், அப்புறம் ஏன் இந்த ஏற்ற இறக்கம்?

கடையத்துக்காரன், 2 நவம்பர் 2025, காலை

போன வருஷம் பொருளாதார நோபல் வாங்கிய அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவரும் சொல்வதன் சாரம் இது: ஒரு நாடு செழிப்பதும் நொடிப்பதும் அங்குள்ள அரசியல் அமைப்பாலும் சட்ட அமைப்பாலும்தான், மண்ணாலும் மழையாலும் அல்ல. பலருக்கும் கதவைத் திறந்துவிடும் அமைப்பு நாட்டை வளர்க்கும், சிலர் மட்டும் உறிஞ்ச வழிசெய்யும் அமைப்பு கெடுக்கும். எனக்கு இதில் சந்தேகம் இருக்கிறது. நம்ம திருநெல்வேலிப் பக்கம் சட்டம் ஒன்றுதான், ஓட்டும் ஒன்றுதான், கட்சிகளும் அதே கட்சிகள்தான். ஆனால் கல்லிடைக்குறிச்சி ஒரு மாதிரி, ராதாபுரம் பக்கம் ஒரு மாதிரி. ஆற்றுத் தண்ணீர் பாய்ந்த ஊர் வாழ்ந்தது, பாயாத ஊர் காய்ந்தது, அவ்வளவுதானே? இதில் அரசியல் எங்கிருந்து வந்தது?

சேர்மாதேவி கடைக்காரர், 2 நவம்பர், இரவு

தம்பி, ஆறு வயலுக்குள் தானாக வந்து ஏறாது. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் பழைய ராஜாக்கள் காலத்து வேலை, கடைசி ஒன்று வெள்ளைக்காரன் கட்டியது. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 86,000 ஏக்கர் பாசனம். எந்தக் கால்வாய்க்கு முதல் போகமான கார் சாகுபடிக்கும் தண்ணீர் உண்டு, எதற்கு அடுத்த போகமான பிசானத்துக்கு மட்டும்தான் என்பதை மழை முடிவு செய்வதில்லை. பாபநாசம் அணையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து அரசாணை முடிவு செய்கிறது. அந்த ஆணை வருவதற்கு முன்னால் யார் யார் எங்கே போய் உட்கார்ந்து பேசினார்கள் என்பது தனிக் கதை.

கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வடகால், தென்கால் வாய்க்கால் விவசாயிகள் ஒரு பக்கம், தூத்துக்குடி ஆலைகளுக்கு ஒரு நாளைக்கு 2 கோடி கேலன் என்று போட்ட திட்டம் இன்னொரு பக்கம். ஆறு அதே ஆறுதான். தண்ணீர் முதலில் யாருக்கு என்பதில் பொதிகை மலைக்கு எந்தப் பங்கும் இல்லை.

ராதாபுரம் காய்ந்தது என்கிறீர்கள். வெள்ளக் காலத்தில் கன்னடியன் கால்வாயிலிருந்து உபரியை எடுத்து நம்பியாறு, கருமேனியாறு பக்கம் கொண்டுபோகும் திட்டத்தை 2009-ல் 369 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கினார்கள். சோதனை ஓட்டம் விட 2023 டிசம்பர் ஆயிற்று. நடுவில் ஆட்சிகள் மாறின, நிலம் எடுப்பதில் இழுத்தது, மதிப்பீடு எங்கோ போய்விட்டது. பதினாலு வருஷம் அந்தப் பக்கத்துக் கிணறுகள் காத்திருந்ததை மண்ணின் கணக்கில் எழுதுவதா, மந்திரி சபையின் கணக்கில் எழுதுவதா?

சேர்மாதேவி கடைக்காரர், 3 நவம்பர், காலை

ஒன்று விட்டுப்போயிற்று. அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005-ல் எழுதிய கட்டுரை நம்ம நாட்டு ஆவணங்களை வைத்தே இந்தக் கேள்வியைக் கேட்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் நிலவரியை ஜமீன்தார் வழியாக வசூலித்த மாவட்டங்களையும், ரயத்துவாரியாக விவசாயியிடம் நேராக வசூலித்த மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். ஜமீன் மாவட்டங்கள் சுதந்திரத்துக்குப் பிறகும் விளைச்சலில் பின்தங்கியே இருந்தன, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி விஷயத்திலும் அப்படியே. ஜமீன் ஒழிந்த பிறகும் அதன் நிழல் போகவில்லை என்பதுதான் விஷயம்.

நம்ம மாவட்டத்தில் ரெண்டும் இருந்தன. சிங்கம்பட்டி, ஊத்துமலை, சிவகிரி, எட்டயபுரம் என்று ஜமீன்கள். ஆற்றோரம் ரயத்துவாரி. ஆனால் நம்ம ரயத்துவாரியில் ஒரு பூச்சுற்றல் உண்டு. ரயத்துவாரியைக் கொண்டுவந்த வெள்ளைக்கார அதிகாரி மன்றோ கணக்குப்படி பட்டா உழுகிறவன் பேரில் இருக்க வேண்டும். ஆற்றங்கரை நஞ்சையில் பட்டா மிராசுதார் பேரில் இருந்தது, மடத்தின் பேரில் இருந்தது, கோயில் பேரில் இருந்தது. சேற்றில் இறங்கியவன் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. காகிதத்தில் ரயத்துவாரி, வயலில் குட்டி ஜமீன்.

சேர்மாதேவி கடைக்காரர், 3 நவம்பர், மதியம்

பலருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. ஆன்லைன் விண்ணப்பம், மனு எழுதுவது, போட்டோ, லேமினேஷன் எல்லாம் உண்டு. அரசியல் அமைப்பு என்று புத்தகத்தில் நீங்கள் படிப்பது என் மேசைக்கு ஒரு பையில் சுருட்டி வரும். அதைப் பிரித்து, எந்தக் காகிதம் இருக்கிறது, எது இல்லை என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ரொம்ப காலமாகப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்: சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் அது முதலில் கேட்கிற கேள்வி "உன் பேர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?" என்பது. பேர் ஏறியிருந்தால் அரசு உங்களுக்கு மழை. ஏறாவிட்டால் எத்தனை கோடித் திட்டம் அறிவித்தாலும் அது பக்கத்து வயலில் பெய்துவிட்டுப் போய்விடும்.

உதாரணத்துக்குப் போன மாதம் நடந்ததே போதும். கார் அறுவடை முடிந்து நெல் கொள்முதல் நிலையம் திறந்திருந்தது. இந்தப் பருவத்துக்குச் சன்னரகம் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. நல்ல விலைதான். ஆனால் நெல்லைப் போட அடங்கல், அதாவது எந்த வயலில் யார் என்ன பயிரிட்டார் என்ற வி.ஏ.ஓ. பதிவேட்டு நகல் வேண்டும், அதில் சாகுபடி செய்தவர் என்று உங்கள் பேர் வேண்டும். மடத்து நிலத்தை வாய்வார்த்தையாகக் குத்தகைக்கு உழுகிறவர் ஒருவர் வந்தார், அவர் அப்பா காலத்திலிருந்து அதே வயல். கையில் ஒரு சீட்டு கிடையாது. நிலம் ஒருத்தர் பேரில், குத்தகை இன்னொருத்தர் பேரில், உழவு இவர் கையில். வி.ஏ.ஓ. என்ன எழுதுவார்? கடைசியில் களத்துமேட்டிலேயே வியாபாரி சொன்ன விலைக்கு அளந்துவிட்டுப் போனார். பயிர்க் காப்பீடும் இதே கதை. பி.எம். கிசான் வருஷத்துக்கு 6,000 ரூபாய் என்பது நிலம் யார் பேரிலோ அவருக்குத்தான், உழுகிறவருக்குக் கிடையாது என்று விதியே சொல்கிறது.

ஆக ஒரே வயல், ஒரே விளைச்சல். அரசுப் பணம் மட்டும் பட்டாக்காரர் வீட்டுப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது. ஏற்றத்தாழ்வு எப்படி உண்டாகிறது என்று வெளிநாட்டுக்காரரிடம் கேட்கவே வேண்டாம்.

சேர்மாதேவி கடைக்காரர், 5 நவம்பர்

நேற்றிலிருந்து வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியிருக்கிறது. கடையில் பழைய 2002 பட்டியலில் தங்கள் பேர் இருக்கிறதா என்று தேடித் தரச் சொல்லிக் கூட்டம். ஓர் ஆச்சி சொன்னது: "ஓட்டு கேட்டு வாரவனுக்கெல்லாம் என் பேரு தெரியுது, இந்தப் பேப்பருக்கு மட்டும் தெரியலயாக்கும்." பதிவேட்டைப் பற்றி நான் நேற்று முன்தினம் பக்கம் பக்கமாக எழுதியதை ஆச்சி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

கடையத்துக்காரன், 5 நவம்பர், இரவு

அண்ணாச்சி, இதெல்லாம் நிர்வாகக் கோளாறு. கம்ப்யூட்டர் மயமாக்கினால் சரியாகிவிடும். இதை அரசியல் அமைப்பு என்று பெரிதாக்குகிறீர்கள்.

சேர்மாதேவி கடைக்காரர், 6 நவம்பர்

கம்ப்யூட்டர் என் கடையிலேயே இருக்கிறது தம்பி. புத்தகத்தில் இல்லாத பேர் கம்ப்யூட்டரிலும் இருக்காது. முன்னே வி.ஏ.ஓ.விடம் கெஞ்சிப் பார்க்கலாம், இப்போது திரையில் "பதிவு இல்லை" என்று வந்தால் கெஞ்சக்கூட ஆள் கிடையாது.

கோளாறு என்றால் எல்லாருக்கும் மாறி மாறி வர வேண்டும். எப்போதும் ஒரே பக்கத்து ஆட்களுக்கே வந்தால் அதற்குக் கோளாறு என்று பேர் வைக்கலாமா? குத்தகைதாரர் பேரைப் பதிவு செய்ய 1969-லேயே தனிச் சட்டம் போட்டாயிற்று. அதற்கு முன்னால் 1955-ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். 1961-ல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970-ல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கோயிலுக்கும் அறக்கட்டளைக்கும் தனி வழி வைத்தார்கள், பினாமியாகப் பிரித்து எழுதிக்கொள்ள அவகாசமும் கிடைத்தது. பதிவு கேட்டு மனுப் போட்டால் அடுத்த போகத்துக்கு வயலில் இறங்க முடியாது என்று உழுகிறவனுக்குத் தெரியும். சட்டம் புத்தகத்தில் இருப்பது ஒன்று, அதைப் பயன்படுத்தத் துணிவு வருவது வேறொன்று. அந்தத் துணிவு யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்பதுதான் அரசியல்.

சேர்மாதேவி கடைக்காரர், 9 நவம்பர், ஞாயிறு

இன்று கடை லீவு, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

என் அம்மா பீடி சுற்றியவர். நம்ம பக்கத்தில் முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம், கடையநல்லூர் என்று எந்தத் தெருவில் போனாலும் திண்ணையில் சுளவும் மடியுமாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்களே, அந்த வரிசையில் ஒருவர். பீடித் தொழிலாளருக்கு 1966-ல் சட்டம் வந்தது, 1976-ல் நலநிதிச் சட்டம் வந்தது. பி.எஃப். உண்டு, பிள்ளைகளுக்கு உதவித்தொகை உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. இந்தியாவில் வீட்டில் இருந்தபடி வேலை செய்கிற பெண்களுக்கு இத்தனை சட்டப் பாதுகாப்பு உள்ள தொழில் வேறு எது இருக்கிறது?

ஆனால் எல்லாவற்றுக்கும் வாசல் பாஸ் புத்தகம். அம்மாவுக்குத் தன் பேரில் பாஸ் புத்தகம் கிடையாது. கடையில் வேறொரு மதினி பேரில் ஓடிய புத்தகத்தில் அம்மா சுற்றிய பீடியும் சேர்ந்து ஏறும். கம்பெனி பேர் வேண்டாம், அந்தக் காலத்தில் எல்லாக் கடையிலும் இது சாதாரணம்தான். ஒரு புத்தகத்தில் நாலு பேர் சுற்றினால் கம்பெனிக்கு ஓர் ஆளுக்குத்தான் பி.எஃப். போடும் பாடு. இலையைக் குறைத்துக் கொடுத்துப் பீடியை முழுசாகக் கேட்பான், மேற்கொண்டு தேவைப்படும் இலையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கழிவு என்று ஒரு கட்டை ஒதுக்கினால் அதற்கும் கூலி கிடையாது, அந்தப் பீடியும் திரும்பி வராது.

அம்மா சுற்றியது இன்னொருத்தருக்குப் பென்ஷனாக வருகிறது. அந்த மதினி மேல் கோபம் இல்லை, அவரும் மாசம் ஆயிரத்துச் சொச்சத்தில்தான் காலம் தள்ளுகிறார். பத்து வருஷச் சர்வீஸ் இருந்தால் பென்ஷன் என்று சட்டம் சொல்கிறது, அம்மா அதைப்போல எத்தனையோ மடங்கு உழைத்திருப்பார். எழுத்தில் சர்வீஸ் பூஜ்யம்.

இதற்கு மேல் இன்னொன்று. பீடிக்குப் போட்ட செஸ் என்ற தனி வரிப் பணத்தில்தான் அந்த நலநிதி ஓடியது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தச் செஸ்ஸை எடுத்துவிட்டு 28 சதவீத வரி போட்டார்கள். தொழிலுக்கு வரி ஏறியது, தொழிலாளிக்கென்று தனியாக வந்த வாய்க்கால் அடைபட்டது. இப்போது செப்டம்பரில் இலைக்கு 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்திருக்கிறார்கள், பீடிக்கும் 18 ஆகக் குறைப்பதாக முடிவு. சிகரெட்டுக்கு ஒரு வரி, பீடிக்கு ஒரு வரி என்று டெல்லியில் ஒரு மேசையில் எழுதும் எண் முக்கூடலில் ஒரு திண்ணையில் வாரத்துக்கு எத்தனை நாள் இலை கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பீடி நல்லதா கெட்டதா என்று இங்கே யாரும் ஆரம்பிக்காதீர்கள், கெட்டதுதான். அதைச் சுற்றியவருக்கு வேறு என்ன வேலை வைத்திருந்தோம் என்பது என் கேள்வி.

சேர்மாதேவி கடைக்காரர், 9 நவம்பர், சாயங்காலம்

மதியம் எழுதியதை மறுபடி படித்தால் ஒரே ஒப்பாரியாகத் தெரிகிறது. இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அதே அம்மாவுக்கு எது தவறாமல் வந்தது? ரேஷன் அரிசி. என் அக்காவும் நானும் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்ட மதியச் சாப்பாடு. இந்த ரெண்டுக்கும் நீ யார், உன் வருமானம் எவ்வளவு, உன் பேரில் நிலம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. 1997-ல் நாடு முழுக்க ரேஷனை ஏழைக்கு ஒரு மாதிரி, மற்றவருக்கு ஒரு மாதிரி என்று பிரித்தபோது தமிழ்நாடு மட்டும் எல்லாருக்கும் பொது என்றே வைத்துக்கொண்டது. மதிய உணவை 1956-ல் காமராஜர் தொடங்கி வைத்தது நம்ம பக்கத்து எட்டயபுரத்தில், ஒரு ஜமீன் ஊரில். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். கட்சிக்குக் கட்சி அடித்துக்கொண்டாலும் ஒருத்தர் போட்டதை அடுத்தவர் எடுக்கவில்லை, மேலே முட்டையைத்தான் வைத்தார்கள். ஓட்டுப் பயம் நல்லதும் செய்யும்.

ஆளைப் பொறுக்கி எடுக்கும் இடத்தில் பொறுக்குகிறவன் கைக்கு அதிகாரம் வருகிறது. பொறுக்காத இடத்தில் அந்தக் கைக்கு வேலையே இல்லை. தமிழ்நாடு மற்ற மாநிலங்களைவிட நல்லபடி இருப்பதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள், என் பட்டியலில் இதுதான் முதல்.

கடையத்துக்காரன், 10 நவம்பர்

அப்படியானால் எல்லாவற்றையும் எல்லாருக்கும் சும்மா கொடுத்தால் போதுமா? வளர்ச்சிக்குக் காசு யார் கொடுப்பார்? ஆலை எங்கே வரும்? நோபல்காரர்கள் பேசியது வளர்ச்சி, நீங்கள் பேசுவது அரிசி.

சேர்மாதேவி கடைக்காரர், 12 நவம்பர்

வளர்ச்சிக்கே வருகிறேன். தூத்துக்குடியில் வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்கு, 10 லட்சம் மூலதனம். பெரிய ஆள் மட்டும் வாங்க வேண்டும் என்றில்லாமல் சாமானியனும் வாங்கும் விலை. காலியா, லாவோ என்று ரெண்டு கப்பல் வந்தன. மூலதனம் உண்டு, சந்தை உண்டு, நடத்தத் தெரிந்த ஆள் உண்டு. எதிரே பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. அது வியாபாரப் போட்டி என்று விட்டுவிடலாம். ஆனால் கலெக்டர் ஆபீசும் துறைமுகமும் போலீசும் ஒரு கம்பெனி பக்கம் நின்றால் அது போட்டியா? 1908-ல் கோரல் மில் வேலைநிறுத்தம், மார்ச்சில் வ.உ.சி. கைது, திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூடு, ரெட்டை ஆயுள் தண்டனை. 1911-ல் கம்பெனி கலைந்தது. உறிஞ்சும் அமைப்பு வளர்ச்சியைக் கெடுக்கும் என்று அந்த மூவர் சொல்வதற்கு இதைவிடச் சுத்தமான சாட்சி வேண்டுமா?

அப்புறம் பத்து வருஷம் கழித்து அதே ஊரில், 1921-ல் நாடார் வங்கி தொடங்கியது, இன்றைக்குத் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. 1895-ல் கழுகுமலையிலும் 1899-ல் சிவகாசியிலும் அடிபட்ட சமுதாயம், கோயிலுக்குள் விடமாட்டேன் என்று கோர்ட்டும் சொன்ன சமுதாயம், அரசு நமக்குப் பதிவேடு திறக்காது என்று கண்டுகொண்டு தனக்கென்று ஒன்றைத் திறந்தது. உறவின்முறை என்ற சாதிச் சங்கம் வைத்து, சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிரித்து, அதில் பள்ளிக்கூடம், கடன், வங்கி எல்லாம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் இதைக் காட்டி "அவங்க முன்னேறலையா, நீங்களும் முன்னேறுங்க" என்று பேசுவார்கள், அதுதான் எரிச்சல். மகமை பிரிக்க முதலில் கையில் சரக்கு வேண்டும். சரக்கு மூட்டையைச் சுமந்தவன் எதிலிருந்து மகமை கொடுப்பான்?

சேர்மாதேவி கடைக்காரர், 12 நவம்பர், இரவு

ஆலை எங்கே வரும் என்று கேட்டீர்கள், வந்திருக்கிறதே. கங்கைகொண்டானில் அரசுத் தொழிற்பேட்டையான சிப்காட்டில் டாடா பவரின் சோலார் ஆலை, 4.3 கிகாவாட். பிப்ரவரியில் முதல்வர் திறந்தார். அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பீடி சுற்றிய வீட்டுப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறிப் போவதைப் பார்க்கிறேன். டிப்ளமோ சான்றிதழ் நகல் எடுக்க என் கடைக்குத்தான் வருகிறார்கள். சந்தோஷம்தான். ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலையும் திறந்தாயிற்று. இந்தப் பிள்ளைகள் படித்ததால்தான் இந்த ஆலைக்கு ஆள் கிடைத்தது. சாப்பாடு போட்ட பள்ளிக்கூடத்துக்கும் சோலார் தகட்டுக்கும் இடையில் ஒரு தலைமுறைதான் தூரம் தம்பி. அரிசி வேறு, வளர்ச்சி வேறு என்று பிரித்தது நீங்கள்தான்.

அதே சிப்காட்டில் இன்னொரு கதையும் உண்டு. குளிர்பான ஆலைக்குத் தாமிரபரணித் தண்ணீர் 1,000 லிட்டர் 37 ரூபாய் 50 காசு. வழக்குப் போட்டார்கள், 2016 நவம்பரில் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது, 2017 மார்ச்சில் தடை நீங்கியது. நாங்குநேரியில் பொருளாதார மண்டலம் என்று இரண்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் எடுத்துக் கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. அந்தக் கால் நூற்றாண்டில் பெரும்பகுதி உடைமரம்தான் விளைந்தது. நிலம் எடுக்கும்போது காட்டிய வேகத்தில் பாதியாவது பிறகு காட்டியிருக்கலாம்.

சேர்மாதேவி கடைக்காரர், 15 நவம்பர்

"ஜமீன் எல்லாம் பழங்கதை" என்று தனியாக எழுதியிருந்தவருக்கு. மாஞ்சோலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் மலையைப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது, 1952-ல் நிலம் அரசு வசம் வந்தது, ஜமீன் போயிற்று. குத்தகை போகவில்லை, 2028 வரைக்கும் நீண்டது. சட்டம் ராஜாவை இறக்கிவிட்டுக் குத்தகைக்காரரை அப்படியே விட்டுவிட்டது.

அங்கே தேயிலை பறித்தவர்களுக்கு 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி கம்பெனி வீடு கொடுக்க வேண்டும். கொடுத்தார்கள். வேலை இருக்கும் வரை வீடு, வேலை போனால் வீடும் போகும். நாலு தலைமுறை ஒரே லயத்தில், அந்த வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தாலும் ஒரு சென்ட் பட்டா கிடையாது. பாதுகாப்பு என்று எழுதிய சட்டமே ஆளை ஒரே இடத்தில் கட்டிப் போட்டது. 1999 ஜூலை 23-ஆம் தேதி கூலி உயர்வு கேட்டும் சிறையில் இருந்தவர்களை விடச் சொல்லியும் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் ஓடிப் பதினேழு பேர் செத்தார்கள், கைக்குழந்தை ஒன்றும் அதில். கொக்கிரகுளம் பாலத்தைத் தாண்டும்போது எங்கள் வயதுக்காரர்கள் பலர் இன்னும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. 2018-ல் அந்த மலையைக் காப்புக்காடு என்று அறிவித்தார்கள், 2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து ஆட்களை இறக்கியது. புலிக்குக் காடு கிடைத்தது நல்லதுதான். கீழே வந்தவர்கள் என் மேசையில் வைத்த பையில் முகவரிச் சான்று என்று எஸ்டேட் முகவரிதான் இருந்தது.

சேர்மாதேவி கடைக்காரர், 16 நவம்பர்

பஞ்சாயத்தைப் பற்றி ஒருவர் கேட்டார், சுருக்கமாக. 2016 அக்டோபரில் பஞ்சாயத்துகளின் பதவிக்காலம் முடிந்தது. பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது, மாவட்டம் பிரித்ததால் நமக்கும் தென்காசிக்கும் 2021 அக்டோபர்தான். அஞ்சு வருஷம் தனி அலுவலர் ஆட்சி. தெருவிளக்கு எரியவில்லை என்றால் கதவைத் தட்ட ஒரு வீடு இல்லை. மத்திய நிதிக்குழு மானியம் தேர்ந்தெடுத்த அமைப்பு இருந்தால்தான் வரும் என்பதால் அதுவும் இழுபறி.

தேர்தல் வந்தால் மட்டும் போதுமா என்றால், தாழையூத்தில் 2011-ல் ஊராட்சித் தலைவியாக இருந்த அருந்ததியர் பெண்ணை வெட்டிப் போட்டார்கள், உயிர் பிழைத்ததே பெரிது. இடஒதுக்கீட்டால் அவர் பேர் பதிவேட்டில் ஏறியது. ஏறிய பேரை வைத்து அவர் நிர்வாகம் செய்யப் பார்த்தது சிலருக்குப் பொறுக்கவில்லை. பதிவேடு பதிவேடு என்று நான் இத்தனை நாளாகச் சொன்னதற்கு மேலே இதையும் வைத்துப் பார்க்க வேண்டும். பேர் ஏறுவது பாதிதான்.

மகளிர் உரிமைத் தொகையில் ஆள் பொறுக்குகிறார்களே என்று கேட்டவருக்கு: ஆமாம். வருமானம் இரண்டரை லட்சத்துக்குக் கீழே, நஞ்சை 5 ஏக்கருக்குக் கீழே, கரண்டு வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குக் கீழே. 2023-ல் அந்த விண்ணப்பம் வந்த வாரங்களில் கடையில் நிற்க இடமில்லை. ஆனாலும் யாரை விடுவது என்று பொறுக்கியதால் பெரும்பாலோர் உள்ளே வந்துவிட்டார்கள். யாரைச் சேர்ப்பது என்று பொறுக்கியிருந்தால் கதை வேறு. டவுன் பஸ்சில் அந்தப் பொறுக்கலும் கிடையாது, பெண் என்றால் ஏறலாம்.

கடையத்துக்காரன், 22 நவம்பர்

அண்ணாச்சி, ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் சித்தப்பா உழுவது சொந்த நிலம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். மடத்து நிலமாம். வருஷா வருஷம் குத்தகையாக இத்தனை கோட்டை நெல் என்று அளக்கிறாராம். அடங்கலில் பேர் இல்லை. நீங்கள் சொன்ன அந்த 1969 சட்டத்துக்கு மனு எப்படிப் போடுவது? நேற்றிலிருந்து புதுத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டதே, பீடிக்கும் தோட்டத்துக்கும் அதில் என்ன ஆகும் என்றும் சொல்லுங்கள்.

சேர்மாதேவி கடைக்காரர், 23 நவம்பர்

ரெண்டாவதை முதலில். 21-ஆம் தேதியிலிருந்து நாலு சட்டத் தொகுப்பு நடைமுறை. 1951 தோட்டச் சட்டமும் 1966 பீடிச் சட்டமும் அதற்குள் கரைந்துவிட்டன. வேலை நியமனக் கடிதம் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று புதிதில் இருக்கிறது. பீடிக் கடைக்காரர் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனிக் கடிதம் கொடுத்தால் நானே இலவசமாக லேமினேஷன் போட்டுத் தருகிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா விஷயம். மனு தாசில்தாருக்குப் போக வேண்டும். சர்வே எண், பரப்பு, எந்த வருஷத்திலிருந்து சாகுபடி, குத்தகை எவ்வளவு என்று எழுத வேண்டும். மடத்துக்கு நோட்டீஸ் போகும், விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். அதனால் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசிவிட்டு இறங்குங்கள், சித்தப்பா மட்டும் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது. நெல் அளந்ததற்கு மடத்துக் கணக்கப்பிள்ளை எப்போதாவது ரசீது கொடுத்திருப்பார். அரிசிப் பானைக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பின்னால், டிரங்குப் பெட்டியில் பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் தேடச் சொல்லுங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தண்ணீர்த் தீர்வை கட்டிய சீட்டு இருந்தால் அதுவும் வேண்டும். பக்கத்து வயல்காரர் ரெண்டு பேர் சாட்சி சொல்ல வருவார்களா என்று கேட்டு வையுங்கள், மடத்து நிலமே உழுகிறவராக இருந்தால் வரமாட்டார், சொந்தப் பட்டா உள்ளவராகப் பார்க்கவும். மனு ரெண்டு நகல், ஒன்றில் முத்திரை வாங்கி எண் எழுதிக்கொண்டுதான் ஆபீசை விட்டு வெளியே வர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கூட்டம் குறைவு. பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள்.